பையன்களிடம் கேட்டார்கள்

ஒரு வார்த்தையை விசாரிக்க எங்கள் கல்லூரியில் கமிட்டி போட்டார்கள். "தமிழ் வார்த்தை, அதனால தமிழ் மேடம் இருக்கட்டும்" என்று என்னையும் அதில் சேர்த்தார் முதல்வர். இத்தனை வருடம் வகுப்பெடுத்ததற்குக் கிடைத்த மரியாதை அது. அந்த வார்த்தை, பொட்டை.

நடந்தது இதுதான். ஒத்தக்கடையைத் தாண்டி இருக்கிற எங்கள் கல்லூரிக்கு ஒரே மைதானம். சாயங்காலம் ஒரு பக்கம் பையன்கள் கபடி ஆடுவார்கள், மறுபக்கம் பெண்கள். ரெண்டு அணிக்கும் ஒரே மாஸ்டர். ரெய்டு போன பையன் யாரையும் தொடாமல் திரும்பினால் மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு, "ஏன்டா பொட்ட, சேலையக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போய் நில்லுடா" என்பார். அந்தப் பக்கம் நின்றது பெண்கள் அணி. அதன் கேப்டன் கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். ஒரு நாள் அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராக மாஸ்டரிடம் வந்தாள்.

"சார், அவங்க தோத்தா எங்களச் சொல்லி ஏன் வையிறீக? நாங்க போன போட்டியில ஜெயிச்சுட்டுத்தான வந்தோம்?"

அதே போட்டியில் பையன்கள் முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தார்கள். மாஸ்டருக்கு அதுதான் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டால்தான் டீமில் இடம் என்றார். அவள் கேட்க மாட்டேன் என்று முதல்வரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்ததே கபடியால்தான். டீமை விட்டு எடுத்தால் படித்தது போதும் என்று சொல்ல வீட்டில் ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

கமிட்டியில் முதல்வர், வணிகவியல் பேராசிரியர், நான். மாஸ்டரும் ஒரு ஓரத்தில் புது மாப்பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். புகார் சொன்ன பெண் வெளியே வராந்தாவில் நின்றாள்.

"அகராதியில என்ன மேடம் போட்டிருக்கு?" என்றார் முதல்வர்.

"பெண்ணுன்னு போட்டிருக்கு சார்."

"அப்ப கெட்ட அர்த்தம் ஒன்னும் இல்லையே?"

"பெண்ணுன்னு சொன்னா அந்தப் பையன் மூஞ்சி ஏன் சார் தொங்கிப்போகுது?"

"டீ ஆறுது, எடுத்துக்கங்க மேடம்."

வணிகவியல்காரர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுல ஆடு குட்டி போட்டா பொட்டையா கிடாயான்னுதான் கேப்போம். பொட்டக்குட்டின்னா அம்புட்டு சந்தோசம். அதுல என்ன தப்பக் கண்டீங்க?"

"அப்ப உங்களப் பொட்டன்னு கூப்பிடலாமா சார்?"

மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கமிட்டியில் நாகரிகம் முக்கியம் என்று முதல்வர் என்னைக் கண்டித்தார். ஆட்டுக்குட்டி வரைக்கும் நல்ல வார்த்தையாக இருந்தது, அவர் மேல் பட்டதும் கெட்ட வார்த்தையாகிவிட்டது. இதை நான் வாய்விட்டே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பிறகு முதல்வருக்கு ஒரு யோசனை வந்தது. "யாரச் சொன்னாரோ அவங்களக் கேட்டாத்தான நியாயம்?" என்று பையன்களை வரச் சொன்னார். கபடிப் பையன்கள் வரிசையாக வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார்கள். "மாஸ்டர் பாசத்துல சொல்றதுதான் சார். எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வராந்தாவில் நிற்கிறவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். "அவளையா சொன்னாரு?" என்றார் முதல்வர். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தீர்ப்பு வந்தது. யார் மேலும் தப்பில்லை. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நாளை முதல் பெண்கள் அணிக்குக் காலை ஆறு மணிக்குப் பயிற்சி.

"இனி அவங்க காதுல விழாது. நீங்க கேட்டதும் நடந்த மாதிரி ஆச்சு" என்று முதல்வர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்த வார்த்தைய நிறுத்தச் சொன்னா என்ன சார்?"

"பழகிப்போச்சு மேடம். இனிமேப் போயி மாத்துன்னா பாவம், அவரு என்ன செய்வாரு?"

ஒரு ஆள் வாயை மாற்ற முடியாதாம். ஒரு அணியின் விடியலை மாற்றிவிடலாமாம். ஆத்திரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் அவள் ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க ஊர்ல மொத பஸ்ஸே ஏழு மணிக்குத்தான் மேடம்."

என் வீட்டில் தங்கிக்கொள் என்றேன். வீட்டில் விட மாட்டார்கள் என்றாள். நாளைக்கே முதல்வர் அறைக்குப் போய் ஒரு கை பார்க்கிறேன் என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

"வேணாம் மேடம். அப்புறம் உங்க கிளாஸையும் காலைல ஆறு மணிக்கு மாத்திருவாக" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் விடிந்ததும் மைதானத்துக்குப் போனேன். பெண்கள் அணி ஆறு பேரோடு நின்றது. மாஸ்டர் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கேப்டன் எங்க மேடம்? இந்தப் பொண்ணுகளுக்குப் பொறுப்பே கிடையாது."