இன்னிக்கே அக்கா

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையை உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்து, அது எத்தனை வருஷம் உழைக்கும், எந்த மாதம் எத்தனை மணிக்குப் புகையும் என்று சொல்லிவிடக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. மற்ற கிரகங்களில் இன்னும் விசாரித்து முடியவில்லை. இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் திருப்பி வைக்கிறார்.

"இதுக்குள்ள காத்துதான் இருக்கு. வேணாம்."

எதிரே நிற்கும் பையனின் முகம் தொங்கிப்போகிறது. எட்டு நாள் இணையத்தில் மேய்ந்து, இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு வந்தவன். இருக்கிற காசையெல்லாம் திரையில் படம் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டில் கொட்டிவிட்டு, மீதிச் சில்லறையில் மற்றதை வாங்கிக்கொள்ளலாம் என்பது அவன் திட்டம்.

"கார்டு இவ்ளோ பெருசு. அதுக்குச் சோறு போடுறது இந்தப் பொடிசா? நாலாவது நாள் பாதி ஆட்டத்துல பொட்டுனு போயிடும். அப்புறம் அக்கா ஏமாத்திட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவே."

விளையாட்டுக்கென்றே கம்ப்யூட்டர் கட்டித் தருகிற கடை அது. மாடியில், குறுகலான படிக்கட்டின் முடிவில் இருக்கிறது. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. மேலே இரண்டு மேசை, சுவரெல்லாம் ஆணியடித்துத் தொங்கவிட்ட கேபிள்கள், ஒரு காந்தத் தட்டு நிறைய திருகாணிகள். அக்காவுக்கு ஐம்பது தொடப் போகிறது. மூக்குக் கண்ணாடி எப்போதும் தலையில்தான் இருக்கும், தேடுவது மட்டும் மேசையில். வருகிறவனிடம் எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய் என்பதைக் கடைசியில்தான் கேட்பார்.

"எந்த ரூம்ல வைக்கப் போற?"

"என் ரூம்லதான்கா."

"ஜன்னல் எந்தப் பக்கம்? மேசைக்கு மேலயா, கீழயா? வீட்டுல பூனை இருக்கா?"

"பூனைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"முடி. ஆறு மாசத்துல ஃபேனே பூனையாயிடும்."

பென்சிலை எடுத்துப் பட்டியலில் அடிக்க ஆரம்பிக்கிறார். ப்ராசஸரை ஒரு படி இறக்குகிறார். பவர் சப்ளையை இரண்டு படி ஏற்றுகிறார். கலர் கலராக மின்னுகிற ஆறு ஃபேனில் ஐந்தை அடித்துவிட்டு, "நீ ஸ்கிரீனைப் பார்த்து விளையாடுவியா, பொட்டியைப் பார்த்தா?" என்கிறார். "நான் பார்க்க மாட்டேன்கா, ஃப்ரெண்ட்ஸ் பார்ப்பாங்க" என்று பையன் உண்மையைச் சொன்னதும் சிரித்து, ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்கிறான். எல்லாருமே கேட்கிற கேள்வி.

"அக்கா, ரெண்டு மாசத்துல புது கார்டு வருதாமே. வெயிட் பண்ணலாமா?"

பென்சில் நிற்கிறது.

"உனக்கு லீவு எப்போ?"

"திங்கக்கிழமை ஆரம்பிக்குது."

"அப்போ இன்னிக்கே வாங்கு. கொஞ்சம் கம்மின்னாலும் பரவாயில்ல, கைக்கு எட்டுறத வாங்கு. புதுசு வந்துட்டேதான்டா இருக்கும். இந்த லீவு வருமா?"

இதனால்தான் அவருக்கு 'இன்னிக்கே அக்கா' என்று பெயர். வியாபாரத் தந்திரம் என்பது கீழே இருக்கும் கண்ணாடிக் கடைக்காரரின் கட்சி. "ஆளை யோசிக்கவே விடாம வித்துடுது அந்தம்மா. நானும் ட்ரை பண்ணிப் பார்த்தேன், இன்னிக்கே கண்ணாடி போடுங்கன்னேன். பவர் செக் பண்ணிட்டு வரேன்னு போனவன் வரவே இல்ல" என்பார். ஆனால் விலை கூடிய புதுச் சரக்கை அலமாரியிலேயே தூங்கவிட்டு, போன வருஷத்துக் கார்டை எடுத்துக் கட்டிக் கொடுப்பது என்ன தந்திரமோ, அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் அக்கா இதற்கு நேர்மாறாகப் பேசியவர். அதைக் கேட்டவன் ஒரே ஒருவன். அவருடைய மகன்.

பதின்மூன்று வயதில் அவன் ஒரு மெஷின் கேட்டான். கடை வைத்திருக்கிற அம்மாவிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பான்? அன்றைக்கே ஒரு கறுப்புக் கேபினெட்டை, அதாவது பாகங்களை மாட்டுகிற வெளிப்பெட்டியை, எடுத்துத் தனியாக வைத்தார். "மூணு மாசம் பொறுடா. அடுத்த கார்டு வருது, இதே விலைக்கு ரெண்டு மடங்கு வேகம்." "சரிம்மா" என்றான். கார்டு வந்தது. அதற்குள் புது ப்ராசஸர் வருவதாகச் செய்தி. அது இப்போதைய மதர்போர்டில் உட்காராது. "இன்னும் கொஞ்சம் பொறு, போர்டையும் சேர்த்துப் புதுசா போட்டுடலாம்." "சரிம்மா." அப்புறம் மெமரி மாறியது. அப்புறம் ஒரு வருஷம் கார்டே கிடைக்கவில்லை, கிடைத்தாலும் யானை விலை. பையனுக்கு மீசை அரும்பியது. ஒரு தடவைகூட அவன் அடம் பிடிக்கவில்லை. அடம் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அக்கா இப்போது நினைக்கிறார்.

இதில் இன்னொன்று உண்டு. கட்டி முடித்த மெஷினைச் சூடு பார்க்க வேண்டும். பெரிய விளையாட்டு ஒன்றைப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளே கொதிக்கிறதா, ஃபேன் தாங்குகிறதா என்று கவனிப்பார்கள். அதற்கென்று மேசையில் ஒரு டைமர் இருக்கிறது. முட்டை வேகவைக்கச் சமையலறையில் வைக்கிற, திருகிவிடுகிற வகை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பதினைந்து நிமிடம் விளையாடியவன் மகன்தான். டைமர் கிர்ரென்று அடித்ததும் கையை எடுத்துவிடுவான். மெஷினைப் பெட்டியில் போட்டு, அம்மாவும் பிள்ளையுமாகப் போய் யாரோ ஒரு பையன் வீட்டில் இறக்கிவிட்டு வருவார்கள். அந்த நான்கைந்து வருஷத்தில் வந்த எல்லா விளையாட்டிலும் முதல் பதினைந்து நிமிடம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பதினாறாவது நிமிடத்தில் என்ன நடக்கும் என்று எதிலுமே தெரியாது.

பதினெட்டு வயதில் படிக்கப் போனான். இப்போது இருபத்து நான்கு. வேறு ஊரில் ஏதோ ஒரு அலுவலகத்தில் நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பது வேலை. போன தடவை வந்திருந்தபோது அக்கா மெதுவாகக் கேட்டார்.

"இப்போ ஒண்ணு போட்டுத் தரட்டுமாடா?"

அவன் சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு. "எதுக்கும்மா இப்போ? அது அப்போ கேட்டது."

அக்கா போய்ப் பாத்திரம் கழுவினார். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

அந்தக் கறுப்புக் கேபினெட் மட்டும் மேல்தட்டில், மேலுறை போட்டபடியே இருக்கிறது. நல்ல விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. "அது வேற ஆளுது" என்பார்.

அக்காவின் தங்கைக்கு ஒரு மகள் உண்டு. இதை எழுதுகிறவளும் அவள்தான் என்பதால் அவளைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடமும் அவளும் ஒருவருக்கொருவர் சலித்துப்போய் பாதியில் பிரிந்துவிட்டார்கள். பகலில் பெரியம்மாவின் கடையில் கிடப்பாள். ஸ்க்ரூடிரைவரை ஒளித்து வைப்பாள், கண்ணாடிக் கடைக்காரரின் செருப்பை மாடிக்குக் கடத்துவாள். எதற்கும் திட்டாத பெரியம்மா, ஒரே ஒரு நாள், டைமரை ஒளித்து வைத்தபோது மட்டும், கடையையே தலைகீழாகப் புரட்டித் தேடினார். கிடைத்ததும் அதைத் துடைத்தார். "இதுல மட்டும் கை வைக்காதடி கழுதை" என்றார்.

போன மாதம் ஒரு நாள் பெரியம்மா சாப்பிடப் போயிருந்த நேரம், அந்த மகாராணி ஒரு ரப்பர் பல்லியோடு ஸ்டூலில் ஏறினாள். மேல்தட்டுக் கேபினெட்டுக்குள் வைத்துவிட்டால், என்றைக்காவது திறக்கும்போது அலறல் கேட்குமே என்கிற தொலைநோக்கு. மேலுறையைப் பக்குவமாக விலக்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்தால் உள்ளே நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள். பெரியம்மா மகனான அண்ணனின் பதின்மூன்று வயதுக் கையெழுத்து. விளையாடுகிற எவனும் வேகத்தைத்தான் முதலில் எழுதுவான். அண்ணன் எழுதியிருந்த முதல் வரி இது: 'சத்தம் வரக் கூடாது. பக்கத்து ரூம்ல அம்மா தூங்குவாங்க.'

அவள் தாளை முன்போலவே மடித்து வைத்து, மூடியைப் போட்டு, இறங்கி வந்தாள். அன்றைக்கு வேறு எந்தக் குறும்பும் ஓடவில்லை.

பத்து நாள் கழித்துக் கடை போனுக்கு, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'கேமிங் மெஷின் ஒண்ணு வேணும். சத்தம் வரக் கூடாது. பக்கத்து ரூம்ல அம்மா தூங்குவாங்க.'

அக்கா தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுப் படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் அம்மாவின் தூக்கத்தைப் பற்றி இவரிடம் பேசியதில்லை. ஒரே விரலால் குத்திக் குத்தி எழுதினார். இன்னிக்கே அக்கா எந்த வாடிக்கையாளருக்கும் எழுதாத ஒன்றை எழுதினார்: 'ரெண்டு மாசத்துல புது கார்டு வருது. பொறுக்க முடியுமா?'

கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது. 'ஒரு நாள்கூட முடியாது. சனிக்கிழமை வேணும்.'

சனிக்கிழமைதான் மகன் மூன்று நாள் விடுப்பில் வருகிறான்.

அக்கா முன்பணம் கேட்கவில்லை. பெயர், விலாசம் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தக் கறுப்புக் கேபினெட்டை இறக்கினார். "அது வேற ஆளுதுன்னு சொல்லுவீங்களே பெரியம்மா?" என்று தங்கை மகள் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஆமா" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அப்புறம் நான்கு நாள். ப்ராசஸரையும் போர்டையும் அலமாரியிலிருந்து யோசிக்காமல் எடுத்தார். பவர் சப்ளைகளை மட்டும் ஒன்பது தடவை தூக்கிப் பார்த்தார். ஃபேன்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காதோரம் பிடித்தார். "இது முணுமுணுக்குது. இது சீட்டியடிக்குது." கடைசியாகக் கடையிலேயே உசத்தியான கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்து கேபினெட்டுக்குள் வைத்தார். நுழையவில்லை. மூன்று விரற்கடை நீளம் அதிகம். பதினொரு வருஷத்தில் கார்டுகள் வளர்ந்துவிட்டன, பெட்டி வளரவில்லை.

"வேற பெரிய பெட்டில போடலாமே பெரியம்மா?"

"கூடாது."

"அப்போ உள்ள இருக்கற தகட்டை வெட்டிடலாம். கீழ கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட சின்ன ரம்பம் இருக்கு."

அக்கா கார்டை அதன் நுரைப்பஞ்சில் திருப்பிப் படுக்கவைத்தார். அலமாரிக்குப் போய், இரண்டு படி கம்மியான, குட்டைக் கார்டு ஒன்றோடு வந்தார். "வேகம் குறையும். குறையட்டும். இதுவே அப்போ இருந்ததுக்கு எவ்ளோவோ மேல." திருகாணியை முடுக்கினார். தலையை நிமிர்த்தாமல், பெட்டிக்குள்ளேயே பேசுகிறவர் போலச் சொன்னார்: "நல்லதா குடுக்கணும், நல்லதா குடுக்கணும்னே இருந்துட்டேன்டி."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஷின் ஓடியது. ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அக்கா பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக் கேட்டார். கீழே கண்ணாடிக் கடைக்காரர் யாரையோ எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதுதான் கேட்டது.

"சூடு பார்க்கட்டுமா பெரியம்மா? நான் பதினஞ்சு நிமிஷம் விளையாடுறேன்" என்று தங்கை மகள் நாற்காலியை இழுத்தாள்.

"வேணாம். அவன் பார்த்துக்கட்டும்."

"எவன்?"

அக்கா மிச்சத் திருகாணிகளைப் பொறுக்கிக் காந்தத் தட்டில் போட்டார்.

"அப்போ அந்தக் கஸ்டமருக்கு? ரெடின்னு போன் பண்ண வேண்டாமா?"

"எதுக்குப் போன்? காசு மிச்சம். இங்கதானே உக்காந்திருக்காங்க."

மேசை இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார். ரப்பர் பல்லி.

"பெட்டிக்குள்ள மறந்து வச்சுட்டுப் போயிருந்தாங்க. அந்தத் தாள் பக்கத்துல."

தங்கை மகளின் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் எட்டுப் பொய்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. "பல்லியப் பார்த்துதான் கண்டுபிடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்க முடிந்தது.

"பல்லி அப்புறம். ஒரு நாள்கூட முடியாதுன்னு பதில் வந்துச்சே, அப்பவே தெரியும். அவன்னா சரிம்மான்னுதான் எழுதியிருப்பான்."

சொல்லிவிட்டு அக்கா மேசையில் இருந்த டைமரை எடுத்தார். முந்தானையால் ஒரு தடவை துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"நாளைக்கு அவன் வர்றதுக்குள்ள இதை எங்கயாவது ஒளிச்சு வை."