தீப்பெட்டி அறை

வெறும் சேஸிஸாக, டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலிலும் காற்றிலும் ஓட்டிவரும் வண்டி, கொர்னேலியஸ் கையை விட்டுப் போகும்போது சீட்டு, கண்ணாடி, பின்னால் ஏணி எல்லாம் வைத்த முழு பஸ்ஸாகப் போகும். மைசூர் பன்னிமண்டபத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் ஷெட் ஒன்றில் வாலிபத்தில் சேர்ந்தவர், தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம். பஸ்ஸை ஒப்படைப்பதற்கு முன் முதலாளி இராமச்சந்திரன் கடைசி சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வார். கொர்னேலியஸ் மேடு பள்ளம் பார்த்துப் பார்த்து அதிலேயே ஓட்டவேண்டும். எங்காவது கடகடவென்று கேட்டால் முதலாளி கண்ணைத் திறக்காமல் கையைத் தூக்குவார். அவ்வளவுதான், வண்டி திரும்ப ஷெட்டுக்கு. கொர்னேலியஸ் கட்டிய வண்டியில் அந்தக் கை தூக்கப்பட்டது அபூர்வம். சத்தம் போடாத வண்டிதான் நல்ல வண்டி என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. என்.ஆர். மொஹல்லாவில் எங்கள் எதிர்வீடு அவருடையது. அந்த வீட்டில் கதவு, ஜன்னல், பீரோ எல்லாவற்றிலும் கறுப்பு ரப்பர் ஒட்டியிருக்கும்.

"அரிசி டப்பாவைத் திறக்கணும்னாலும் ரோட்ல போற ஆளைக் கூப்பிடணும் எங்க வீட்ல," என்பார் அவர் மனைவி ஹில்டா.

ஹில்டா மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். பெரும்பாலும் இரவு ட்யூட்டிதான். மற்றவர்களுக்குக் குழந்தைகள் இருந்தன, இவர்களுக்கு இல்லை, அதனால் எல்லோரும் தங்கள் இரவுகளை இவர் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். வருஷாவருஷம் வார்டிலிருந்து யாராவது வேளாங்கண்ணி போய் எண்ணெய் பாட்டிலும் ஒரு கிளிஞ்சலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தக் கிளிஞ்சல்கள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருக்கும். ஹில்டா கடலைப் பார்த்ததே இல்லை.

அவர் ரிடையர் ஆன அன்று கொர்னேலியஸ் கேட்டார். "சொல்லு, என்ன வேணும்?"

"கடலைப் பாக்கணும். ஆனா லாட்ஜ்ல தங்கமாட்டேன்."

"ஏன்?"

"பெட்ஷீட்டைப் பாத்தாலே அதுல யாரு படுத்தாங்க, என்ன வியாதின்னு எனக்குத் தெரிஞ்சிடும். பேடா சாமி, வேண்டவே வேண்டாம்."

அப்படித்தான் அந்த வண்டி பிறந்தது. எஞ்சின் நன்றாக இருந்து உடம்பு துருப்பிடித்துப்போன மினி பஸ் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஷெட்டின் பின்பக்கம் போய்விடுவார். ஒரு கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கக்கூஸ். தெருவே அதற்கு 'மனே பஸ்' என்று பேர் வைத்தது. மனே என்றால் கன்னடத்தில் வீடு. பெயின்ட் காய்ந்துகொண்டிருந்த வாரத்தில், ஹில்டாவின் தம்பி டேவிஸ் சாரத்திலிருந்து விழுந்தான்.

டேவிஸ் சினிமா பேனர் வரைகிறவன். கல்யாணம் ஆகாதவன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அக்காள் வீட்டு ஹாலில் கட்டில் போடப்பட்டது. ரிடையர் ஆன ஹில்டாவுக்குச் சொந்த வீட்டிலேயே நைட் ட்யூட்டி திரும்ப ஆரம்பித்தது. படுத்த புண் வராமலிருக்க அவனை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். ஒருவர் ஒரு பக்கம் நின்று அடியில் விரித்த துணியைத் தூக்கி இழுக்க, இன்னொருவர் மறுபக்கம் நின்று தாங்கிக்கொள்ளவேண்டும். ஒரே பக்கமிருந்து இழுத்தால் தோல் உரசிக் கிழியும். மனே பஸ் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அதன்மேல் காக்கைகள் உட்கார்ந்தன. கடலைப் பற்றி ஹில்டா பேசுவதையே விட்டுவிட்டார்.

"என்னை ஆஸ்பத்திரில விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கக்கா. நாலு நாள்தானே," என்று டேவிஸ் சொல்லிப் பார்த்தான்.

"வார்டுல உன்னை யாரு எத்தனை தடவை திருப்புவாங்கன்னு எனக்குத் தெரியாதா? அங்க நைட்ல இருந்தவளே நான்தான்டா. முடியாம எத்தனை நாள் அப்படியே விட்டிருக்கேன்."

அதற்குமேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை.

டேவிஸை வண்டியில் ஏற்றலாம். ஆனால் கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விட்டால் அடுப்பு வைக்க இடமில்லை. அடுப்பை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. கொர்னேலியஸ் அளந்து அளந்து பார்த்துச் சலித்துப்போனார். ஒரு சாயங்காலம் டேவிஸ் படுத்தபடியே பீடி பற்றவைத்தான். தீப்பெட்டியைக் கட்டைவிரலால் தள்ளினான், உள்பெட்டி வெளியே வந்தது. குச்சியை எடுத்தான், திரும்பத் தள்ளினான், உள்ளே போனது.

"மாப்ளே, இன்னொரு தடவ தள்ளு," என்றார் கொர்னேலியஸ்.

"எதை?"

"தீப்பெட்டியை."

விஷயம் புரிந்ததும் டேவிஸ் சிரித்தான். "என்னைப் பெட்டில போட்டு வெளிய தள்ளப் போறீங்களா மச்சான்? அதுக்குக் கல்லறைத் தோட்டம் பக்கத்துலயே இருக்குதே. பெட்ரோலாவது மிச்சமாகும்."

"வாயை மூடுடா," என்றார் ஹில்டா. ஆனால் அவரும் அடுப்படியிலிருந்து வந்து தீப்பெட்டியைப் பார்த்தார்.

ஒழுங்காகக் கட்டிய பஸ் சுவரை வெட்டுவதற்குக் கொர்னேலியஸுக்கு மனசு வர ஒரு மாதம் ஆனது. இடது பக்கத்தை வெட்டினார். வலது பக்கம் வெட்டினால் பெட்டி ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், லாரிக்காரன் கொண்டுபோய்விடுவான். கட்டில் போகிற நீளத்துக்குத் தகரப் பெட்டி, ஒரு ஜன்னல், அடியில் இரும்புச் சேனலில் ஓடும் உருளைகள். வண்டி ஓடும்போது பெட்டி உள்ளே இருக்கும். நிறுத்தியதும் தாழ்ப்பாளை எடுத்துத் தள்ளினால் கட்டிலோடு வெளியே போய் நிற்கும். நடுவில் இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம். பெட்டிக்குள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஹில்டா நிற்க ஓர் இடுக்கும் விட்டிருந்தார்.

இராமச்சந்திரன் வந்து வண்டியின் கடைசியில் உட்கார்ந்தார், கண்ணை மூடினார். தெரு திரும்புவதற்குள் கை மேலே போய்விட்டது.

"என்னப்பா கொர்னேலியஸ் இது? பஸ்ஸா, பாத்திரக்கடையா?"

கொர்னேலியஸுக்கு முகம் சுருங்கிப்போனது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்து முழுக்க, பஸ் முன்கண்ணாடிக்குப் போடும் தடித்த ரப்பரை அடித்து அடித்து இறுக்கினார். இரண்டாவது முறை ஓட்டியபோது கை எழவே இல்லை. திரும்பிப் பார்த்தால் முதலாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஷெட்டே சிரித்தது. சோப்புத் தண்ணீர் தடவி ஒரு கையால் தள்ளினால் பெட்டி வெண்ணெய் மாதிரி போய் வந்தது. ஷெட்டின் தரையோ சமமான சிமென்ட் தரை. பஸ் கட்டுகிறவர்களின் கவலையெல்லாம் வண்டி ஓடும்போதுதான். அது கோணலாக ஓரிடத்தில் நிற்பதைப் பற்றி அங்கே யாரும் யோசித்துப் பழக்கமில்லை. கொர்னேலியஸும் யோசிக்கவில்லை.

ஏப்ரலில் கிளம்பினார்கள். வேலை கிடைத்து நான் பஹ்ரைனுக்குப் போய்ச் சேர்ந்திருந்த முதல் வருஷம் அது. அம்மாவுக்குப் போன் போடும்போதெல்லாம் எங்கள் வீட்டு நலத்துக்கு முன்னால் அந்த வண்டியின் பிரேக்கைப் பற்றித்தான் கேட்பேன். எதற்குப் பயப்படவேண்டும் என்பது தூரத்தில் இருப்பவனுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பிரேக் நன்றாகவே இருந்தது.

சாமராஜநகர் தாண்டியதும் டேவிஸைப் புரட்டவேண்டிய நேரம். புளியமர நிழல் பார்த்து வண்டியை ஒதுக்கினார். இடது சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கின. தாழ்ப்பாளை எடுத்ததுமே பெட்டி தானாக வெளியே ஓடி நின்றது. "ஆகா! என்ன மரியாதை!" என்றான் டேவிஸ். புரட்டினார்கள், கஞ்சி கொடுத்தார்கள். பிறகு உள்ளே தள்ளினால், வரவில்லை.

சாய்ந்து நின்றதில் வண்டியின் உடம்பு லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஒரு மூலை உள்ளே வந்தது, இன்னொரு மூலை ரப்பரில் கடித்துக்கொண்டது. தள்ளத் தள்ளக் கடி இறுகியது. எதிரே பஞ்சர் கடை போட்டிருந்த தொட்டையன் ஓடி வந்தார். அவர் பேச்சு பாதி கன்னடம், பாதி தமிழ்.

"ஏன் சாமி இது? பஸ்ஸுக்குக் குட்டி பொறக்குதா?"

"கொஞ்சம் தள்ளுங்கண்ணா."

தொட்டையன் தள்ளினார். வழியில் போனவர்கள் தள்ளினார்கள். ஓர் அரசு பஸ் நின்று, அதன் டிரைவர் இறங்கிவந்து தள்ளினார், பயணிகள் ஜன்னல் வழியாக யோசனை சொன்னார்கள். நிழல் நகர்ந்துபோய்த் தகரப் பெட்டிமேல் வெயில் ஏறியது. உள்ளே டேவிஸ் ஆரம்பத்தில் எல்லோரையும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். பிறகு அவன் சத்தம் நின்றுவிட்டது. அவனை வெளியே எடுக்கவும் வழியில்லை, உள்ளே வந்த மூலை ஆளைத் தூக்கிக்கொண்டு போக இடம் விடாமல் நடுவில் மாட்டியிருந்தது.

ஹில்டா ஈரத்துணியைப் பிழிந்து தம்பியின் முகத்தில் போட்டுவிட்டுச் சொன்னார், "என்னங்க, அந்த ரப்பரை அறுத்துடுங்க."

"அறுத்தா சத்தம் வரும்."

"வரட்டும்."

"இரு, ஜாக்கி போட்டுப் பாக்கறேன்."

ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினார்கள். பெட்டி பாதி வந்து நின்றது. கொர்னேலியஸ் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சோப்பைத் தேடினார். ஹில்டா காய்கறிக் கத்தியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். கோபமாகக்கூட இல்லை. ரொம்பக் களைத்திருந்தார்.

"அவன் முதுகு வெந்துபோகுது. அறுங்க."

அறுத்தார். பெட்டி உள்ளே வந்தது. டேவிஸின் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. ஹில்டா அதை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் வெளுக்கவில்லை, புண் தொடங்கிவிட்டது. "வீட்டுக்குப் போலாம்," என்றார். வண்டி திரும்பியது. வழியெல்லாம் அது கடகடத்தது.

அந்தச் சிவப்பு புண்ணாகி, ஆறுவதற்கு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. கொர்னேலியஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிப் பக்கம் போகவில்லை. பூசை முடிந்து வந்து படுத்துக்கொள்வார். தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு ஷெட்டில் எல்லா வண்டிக்கும் மாலை போட்டபோது யாரோ மனே பஸ்ஸுக்கும் ஒரு செவ்வந்தி மாலையைப் போட்டுவிட்டிருந்தார்கள். அது காய்ந்து சருகாகியும் அப்படியே தொங்கியது.

"மச்சான், அதை வித்துடுங்க. கோழி அடைக்கறவன் யாராவது வாங்குவான்," என்றான் டேவிஸ்.

கொர்னேலியஸ், ஜன்னல் விளிம்பில் கிளிஞ்சல்களை எடுத்துத் தூசு தட்டித் திரும்ப அதே வரிசையில் ஹில்டா வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மிச்ச ரப்பரையும் உரித்துப் போட்டார். பெட்டியைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டார். மழைக்கு வெளியே தார்ப்பாய்ப் பட்டை தொங்கவிட்டார். அந்தச் சந்தைப் பார்க்கும்போதெல்லாம் பல் கூசுவதுபோல முகத்தைச் சுளித்தார் என்று ஷெட்டில் சொன்னார்கள். வண்டியின் தரையில் தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் ஜாக்கி போட்டுச் சரிசெய்த பிறகே தாழ்ப்பாளை எடுப்பது என்று வைத்துக்கொண்டார்.

இராமச்சந்திரன் மறுபடி வந்து கண்ணை மூடினார். கிளம்பின உடனே கை தூக்கினார். வண்டி நிற்கவில்லை. இன்னும் உயரமாகத் தூக்கினார்.

"கையைக் கீழ போடுங்க சார். இந்த வண்டியைத் திருப்பமாட்டேன்," என்றார் கொர்னேலியஸ் முன்னாலிருந்து.

"கொர்னேலியஸ், நம்ம ஷெட் மானம் போகுதப்பா!"

"போகட்டும் சார்."

ஜனவரியில், குளிரில், திரும்பக் கிளம்பினார்கள். திம்பம் மலை வளைவுகளில் பெட்டி போட்ட சத்தத்தில் குரங்குகள் ஓடின. ஒவ்வொரு கடகடப்புக்கும் கொர்னேலியஸின் தோள் ஒருமுறை தூக்கிப்போடும். "உங்க பஸ் ஜெபமாலை சொல்லுது மச்சான். கூடவே சொல்லிட்டு வாங்க, நேர மோட்சம்தான்," என்று பின்னாலிருந்து டேவிஸ் கத்துவான். நிறுத்தும் இடத்திலெல்லாம் தட்டில் தண்ணீர், ஜாக்கி, தாழ்ப்பாள். பெட்டி வெளியே போனது, உள்ளே வந்தது. ஈரோடு தாண்டியும் வந்தது, திருச்சியிலும் வந்தது. டேவிஸின் முதுகில் ஒரு சிவப்பும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஹில்டாதான் பார்த்தார். இரண்டு பகலும் ஒரு ராத்திரியும் அவர் கண்ணை மூடவில்லை, புண்ணுக்குப் பயந்து.

வேளாங்கண்ணிக் கடைகளையெல்லாம் தாண்டி, மணல் ஆரம்பிக்கும் இடத்தில் கொர்னேலியஸ் சக்கரங்களுக்கடியில் பலகை போட்டார். தட்டை வைத்தார். தண்ணீர் ஒதுங்கவில்லை. பெட்டியைத் தள்ளினார். அது கடல் பக்கமாகப் போய் நின்றது. ஜன்னலைத் திறந்தார்.

"அக்கா," என்றான் டேவிஸ். கிண்டல் வரவில்லை.

"இரு, முதல்ல உன்னைத் திருப்பிடறோம்." கொர்னேலியஸ் துணியை இழுக்க, ஹில்டா இடுக்கில் நின்று தாங்கினார். முதுகைப் பார்த்தார், பவுடர் போட்டார், தலையணையைச் சரிசெய்தார். பிறகு, "ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்," என்று இந்தப் பக்கம் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி சுவரில் தலையைச் சாய்த்தார். கொர்னேலியஸ் தட்டுத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வருவதற்குள் தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

கொர்னேலியஸ் அவர் தோளைத் தொடக் கையை நீட்டினார்.

"எழுப்பாதீங்க மச்சான்," என்று டேவிஸ் ரகசியமாகச் சொன்னான். "கடல் எங்க போகுது?"

"இதுக்குத்தானேடா வந்தோம்."

"தெரியும். இருக்கட்டும்."

காற்று வந்து பெட்டியை ஆட்டியது. சந்தில் தகரம் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. ஹில்டா அசையக்கூட இல்லை. கொர்னேலியஸ் மட்டும் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தன் செருப்பைக் கழற்றி, சந்தில் சத்தம் வந்த மூலையாகப் பார்த்துச் செருகிவிட்டு, வெறுங்காலோடு வாசற்படியில் உட்கார்ந்து ஹில்டா எழுந்திருக்கக் காத்திருந்தார்.