இருவருக்கு ஒரு சட்டை

ஜன்னல் வழியே கரும்புச் சோகை எரியும் வாசனை வந்தது. நெகிழ்வான வேலைமுறையின் வரலாற்றைத் திரட்டும் ஓர் இணைய ஆவணக்காப்பகத்துக்கு, கச்சிராயபாளையம் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கும் என் கதையைத்தான் தொடங்கியிருந்தேன். வாசனை வந்ததும் அதை அழித்துவிட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது அம்மாவும் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அத்தையும் கரும்புக் கொல்லையில் ஓர் ஆள் வேலையை இருவராகப் பார்த்தார்கள். இருவருக்கும் கைக்குழந்தை. கரும்பில் காய்ந்த சோகையை உரித்தால் அதன் சுணைமுள் உடம்பெல்லாம் அரிக்கும் என்பதால் காலையில் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை அம்மா போட்டுக்கொண்டு போவாள். உச்சிவெயிலில் திரும்பி வந்து வாசலிலேயே கழற்றுவாள். வேர்வையும் கரும்புச்சாறும் மணக்கும் அந்தச் சட்டையை, ஈரம் காய்வதற்குள் அத்தை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். வீட்டில் இருப்பவள் இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுப்பாள்.

ஒருநாள் மேஸ்திரி வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா, காலைல ஒரு மூஞ்சி, மத்தியானம் ஒரு மூஞ்சியா? நாளைலேர்ந்து ரெண்டு பேரும் வராதீங்க."

"மூஞ்சிய வுடுங்க. சோகை உரிஞ்சிருக்குதா, அதப் பாருங்க" என்றாள் அம்மா.

அவர் கொல்லைப் பக்கம் நடந்தார். மறுநாளும் சட்டை வேலைக்குப் போனது.

'இந்த ஏற்பாட்டுக்கு அனுமதி அளித்தவர் யார்?' என்று காப்பகத்தின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் அதைக் கேட்டேன்.

"கொயந்தைங்க பசில அழுவுது. யாராண்ட போயி கேக்கறது?"

அதையே பதிலாக எழுதி அனுப்பினேன்.