வலது பக்கம் மட்டும் பழுதாகும் இயர்போன்

பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் இடது காதிலிருந்து இயர்போனைப் பிடுங்குகிறார். வலது முனையை எடுத்து வலது காதில் செருகுகிறார். தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, உதட்டைப் பிதுக்குகிறார். சட்டைப் பையில் கிளிப் போட்டுத் தொங்கும் தீப்பெட்டி அளவு பிளேயரில் கட்டைவிரலால் ஒரு தட்டு, அடுத்த பாட்டு. இன்னொரு தட்டு, அதற்கும் அடுத்தது. ஒயரை முறுக்குகிறார், பின்னை உருவி ஊதுகிறார், சட்டையில் துடைத்து மறுபடி சொருகுகிறார். "ப்ச்! இதுவும் போச்சு. வலது பக்கம் அவுட்டு." அதற்குள் பஸ் வந்துவிடுகிறது. அது நிற்கும் முன்பே ஏறிவிடுகிறார். உட்கார இடம் இருந்தாலும் உட்கார மாட்டார்.

வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். குளிர்பதன மெக்கானிக். சூப்பர் மார்க்கெட்டின் ஐஸ்கிரீம் பெட்டி, மருந்துக் கடை ஃப்ரிட்ஜ், காய்கறிக் கிடங்கின் குளிர் அறை, எது மக்கர் செய்தாலும் முதலாளி இவரைத்தான் அனுப்புவார். வீட்டிலும் அதே சுழற்சிதான். பல் தேய்த்துக்கொண்டே மாடிப்படி ஏறி இறங்குவார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றுவார். பாட்டு விஷயத்திலோ கேட்கவே வேண்டாம். பல்லவி முடிவதற்குள் கட்டைவிரல் பொத்தானுக்குப் போய்விடும். "ஏங்க, உங்க ஆயுசுல ஒரு பாட்டையாவது முழுசாக் கேட்டிருக்கீங்களா?" என்று மனைவி கேட்டால், "மீதிதான் தெரியுமே!" என்பார்.

செல்போனில் பாட்டுக் கேட்பது அவருக்கு ஆகாது. "பாட்டு சூடு பிடிக்கிற நேரமாப் பாத்து முதலாளி கூப்பிடுவாரு. பாட்டும் கெட்டுப்போகும், வாயும் கெட்டுப்போகும்." அதனால்தான் இந்தத் தனி பிளேயர். ஓரம் எல்லாம் சாயம் போய், பொத்தானின் அம்புக்குறி தேய்ந்து, திரையில் ஒரு கோடு விழுந்து, இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிளேயருக்கு ஆயுசு கெட்டி. இயர்போன்தான் தங்குவதில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே சார்ஜரும் இயர்போனும் சரம் சரமாகத் தொங்கும் கடைக்காரர், இவர் தெருவைக் கடக்கும்போதே பெருமூச்சு விட ஆரம்பித்துவிடுவார்.

"என்னண்ணே, வலது பக்கமா?"

"வேற என்ன? எவன்தான் செய்யறானோ! இடது பக்கத்துக்கு மட்டும் செம்புக் கம்பி, வலது பக்கத்துக்குச் சணல் போட்டு அனுப்பறான்போல."

கடைக்காரர் இரண்டு முனையையும் துடைத்துத் தம் காதில் வைத்துப் பார்ப்பார். "கணீர்னு பாடுதேண்ணே."

"உனக்குப் பாடும்யா. வித்தவன் காதுல எல்லாமே பாடும்."

புதிது வாங்கிக்கொண்டு போவார். சில நாளில் திரும்ப வருவார். வலது முனையை எடுத்து இடது காதில் வைத்துப் பார்த்தால் ஒரே நொடியில் விஷயம் விளங்கிவிடும். இயந்திரத்தில் எது பழுது என்று கண்டுபிடிக்க ஒன்றை மாற்றி ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் அவர் தொழிலே. ஆனால் அந்தச் சோதனையை மட்டும் அவர் செய்ததே இல்லை.

இயர்போன் மேல் சொல்லும் பழி ஓய்ந்ததும் பாட்டுக் கோப்புகள் மேல் பாய்ந்தார். மனைவியின் தம்பி கணினியில் விளம்பர அட்டை வடிவமைப்பவன், பாட்டுப் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய், உட்காராமல், அவன் நாற்காலிக்குப் பின்னால் நடந்தபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"மாப்ளே, இந்த எம்பி3ங்கறது என்ன கணக்கு? பாட்டைச் சுருக்கி வைக்கிறான் சரி. சுருக்கினா எதையாவது தூக்கி எறியணுமே, எதைத் தூக்கி எறியறான்?"

"காது கவனிக்காத சத்தத்தை மாமா. ஒரு பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு கேட்டா நமக்குத் தெரியாது இல்ல? அதை எடுத்துருவான். எவ்வளவு சின்ன கோப்போ, அவ்வளவு வெட்டு."

"அதானே பாத்தேன்! வெட்டறவன் வலது பக்கமா வெட்டியிருக்கான். எல்லாத்தையும் பெரிய கோப்பா மாத்திக் குடு."

"வெட்டினதை மாத்தினா வளருமா மாமா? முடி வெட்டிட்டு வந்து, பெரிய கண்ணாடியில பாத்தா முடி நீளமாயிடுமா? கோப்புதான் பெருசாகும். போனது போனதுதான்."

போனது போனதுதான் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் வெட்டுப்படாத அசல் பாட்டைக் கொடு என்றார். அவன் குறுந்தகட்டிலிருந்து ஒரு பழைய பாட்டை ஒரு துளியும் சுருக்காமல் ஏற்றிக் கொடுத்தான். பெண் குரல் ஒரு வரி பாட, புல்லாங்குழல் அதற்குப் பதில் சொல்லும் பாட்டு. கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் சேர்ந்து பாட்டுக் கேட்ட காலத்துப் பாட்டு. காதில் வைத்துக் கேட்டார். நடை நின்றுவிட்டது.

"குழல் எங்கே?"

"இருக்கே மாமா. நல்லாக் கேளுங்க."

"இல்லைங்கறேன். அந்தம்மா பாடிட்டு சும்மா நிக்குது. பதிலே வரலை."

அவன் திரும்பி, திரையில் ஓடும் இரண்டு அலைக்கோடுகளைக் காட்டினான். "இது ஸ்டீரியோ மாமா. குரல் ரெண்டு பக்கமும் வரும். குழலை மட்டும் வலது பக்கம் தள்ளி வச்சிருக்கான். இந்தா, கீழ இருக்கிற கோட்டுல துள்ளுது பாருங்க."

கீழ்க்கோட்டில் அது துள்ளத்தான் செய்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவசர அவசரமாக, "ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து குடுத்துடு. என் பாட்டு எல்லாத்தையும்தான். இடமும் மிச்சம்" என்றார்.

"மோனோவா? அசலா வேணும்னு குதிச்சவரு நீங்கதானே?"

"சொன்னதைச் செய்யேன்யா!"

மச்சான் செய்துகொடுத்தான். அன்று சாயங்காலமே அக்காவுக்கும் போன் செய்தான். அது பம்பரத்துக்குத் தெரியாது.

உண்மையை உடைத்துச் சொல்லிவிடலாம். அவருடைய வலது காது போய்விட்டது. அலறும் கம்ப்ரசர்களுக்குப் பக்கத்தில் காலமெல்லாம் நின்றதாலோ என்னவோ, முதலில் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம், அப்புறம் குளிர் அறைக் கதவைச் சாத்தியது போல அமைதி. அவர் பயந்துபோனார். பயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. காது டாக்டரின் பலகை மாட்டிய தெருமுனை வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். அவர் சோறே காதில்தான் இருக்கிறது. முன்பெல்லாம் கிடங்கு வாசலில் நின்றபடியே, "அந்த மூணாவது ஃபேன்ல பேரிங் தேஞ்சிருக்கு" என்று கை நீட்டுவார். இப்போது சத்தம் கேட்கிறது, ஆனால் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. எல்லாமே இடது பக்கமிருந்து வருகிறது. அதனால் ஒவ்வொரு இயந்திரமாகச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கிறார். பார்ப்பவர்கள், "மனுஷன் என்ன சுறுசுறுப்பு!" என்கிறார்கள்.

வேலை நேரத்தில் வலது காதில் இயர்போன் இருக்கும். பிளேயர் அணைந்திருக்கும். அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டு இவர் திரும்பாவிட்டால், "பாட்டுல இருக்காருப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். யாரும் வேறெதுவும் கேட்பதில்லை. நல்ல ஏற்பாடுதான், போன வியாழக்கிழமை வரைக்கும்.

அன்று கிடங்கில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வந்தது. பீப் பீப் என்று கத்திக்கொண்டே வந்தது. அவருக்கும் கேட்டது. இடது பக்கம் வருகிறது என்று நினைத்து வலது பக்கம் தாவினார். வண்டி வந்ததோ வலது பக்கம். ஓட்டுநர் மிதித்த பிரேக்கில் மேலே இருந்த மூட்டை சரிந்து, அவர் செருப்பின் நுனியில் விழுந்தது.

"யோவ்! பாட்டுக் கேட்டுக்கிட்டே சாகப் பாக்கறியா?"

"மன்னிச்சுக்கப்பா. நல்ல பாட்டு, அசந்துட்டேன்" என்றார். சேதி முதலாளிக்குப் போனது. இனி வேலை நேரத்தில் அந்த ஒயரைக் கண்ணில் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இதையே வேடிக்கைக் கதையாக்கி மனைவியிடம் சொன்னார். ஓட்டுநர் மாதிரிக் கத்திக் காட்டினார், தாவிக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. மருந்துக் கடை கவுன்டரில் நாள் முழுக்க நிற்பவள், காலை நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சோபாவின் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நாளாக அதுதான் அவர் இடம், யார் வந்தாலும் இடது பக்கம்தானே உட்கார முடியும்! அவள் எழுந்து, அவருக்கு வலப்புறம் ஜன்னலருகே போய் நின்று, மெதுவாக என்னவோ சொன்னாள். அவர் இடது காதில் இயர்போன் முனையைச் செருகுவதிலேயே மும்முரமாக இருந்தார். மறுபடி சொன்னாள். பிறகு எதிரே வந்து நின்றாள்.

"எத்தனை நாளா?"

"என்னது எத்தனை நாளா?"

"நடிக்காதீங்க. அந்தக் காது."

"காதுக்கு என்ன? ஒயருதான் சனியன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "முதலாளிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாரு. காது கேக்காத மெக்கானிக்கை வச்சு அவரு என்ன செய்வாரு?"

"இன்னைக்கு அந்த வண்டி ஏறியிருந்தா நான் என்ன செய்வேன்? அதை யோசிச்சீங்களா?" கோபத்தில் அழுகை வந்துவிட்டது. "நாளைக்கு நான் லீவு. டாக்டர்கிட்ட போறோம். அப்புறம் முதலாளிகிட்ட உங்க வாயால சொல்றீங்க. நீங்க சொல்லலேன்னா நான் போய்ச் சொல்வேன். ஆமா."

அவர் எழுந்து ரெகுலேட்டரைக் கழற்றப் போகவில்லை. மாடிப்படிக்கும் போகவில்லை. சோபாவிலேயே இருந்தார். அவள் சுற்றிக்கொண்டு வந்து அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தாள். பையில் தொங்கிக்கொண்டிருந்த வலது முனையை அவர் எடுத்தார், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பஸ்ல வரும்போது இதை இந்தக் காதுல வச்சுப் பாத்தேன்" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார். "இயர்போன்ல ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. இந்தா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கித் தன் காதில் வைத்தாள். ஒயர் குட்டை, ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. பெண் குரல் ஒரு வரி பாடி முடித்தது.

"குழல் வருதா?" என்றார்.

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். மச்சான் ஒன்றாகக் கலந்து கொடுத்த பாட்டாயிற்றே, அவருக்கும் வந்தது. பல்லவி முடியும் இடத்தில் அவருடைய கட்டைவிரல் பழக்க தோஷத்தில் பொத்தானுக்குப் போனது. அதை மடக்கி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.