முதலில் கழிப்பறையைக் காட்டுங்கள்

சிவப்பு வாட்டர் பாட்டில் அது. தோளில் மாட்டிக்கொள்ள வெள்ளைப் பட்டை, மூடியில் ஒரு வாத்துப் படம். என் மச்சான் மகள் யூகேஜி படித்த வருடம் தினமும் காலையில் அதை நிரப்பிக்கொண்டு பள்ளி வேனில் ஏறுவாள். சாயங்காலம் வேனைவிட்டு இறங்கும்போதும் அது நிரம்பியேதான் இருக்கும். ஒரு நாள் மச்சான் வீட்டில் நான் ஃப்ளஷ் டேங்க்கைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, "மாமா, தள்ளு தள்ளு" என்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. கையில் மிதவைப் பந்தோடு நான் வாசலில் நின்றேன். வெளியே வந்தவளிடம், "இன்னா பாப்பா, தண்ணியே குடிக்கலியா?" என்று கேட்டேன்.

"குடிச்சா வருமில்ல மாமா. அங்க ஒரே நாத்தம். கொழாயில தண்ணியும் வராது. கேட்டா மிஸ் திட்டும்."

அவள் அம்மா உள்ளேயிருந்து பெருமையாகச் சொன்னார்: "பாருங்க, ஒரு சொட்டு சிந்தாம கொண்டாந்துகினு வருது. அவ்ளோ டிசிப்ளின்."

பிள்ளைகளே, நான் எட்டாவது வரைக்கும் படித்த ஒரு பிளம்பர். மாமல்லபுரத்து லாட்ஜுகளில் குழாய் வேலை செய்பவன். உப்புக் காற்றில் எந்தக் குழாய் எத்தனை நாளில் அரிக்கும் என்று கேட்டால் சொல்லுவேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று எங்கள் சொந்தக்காரர்கள் அப்போதே கேட்டார்கள். உங்களுக்கான பள்ளியைப் பெரியவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறோம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நீங்கள் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. அதனால் எழுதுகிறேன். கூடவே, எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அந்நாளில் இருந்த தலைமையாசிரியையைப் பற்றியும் எழுதுகிறேன். அவரை விட்டுவிட்டு இதை என்னால் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் என் மகளுக்கு ஐந்து வயது முடிந்தது. மச்சான் கடலோர ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தார். வெள்ளைக்காரரோடு இங்கிலீஷில் பேசுவார். தன் மகள் படிக்கும் அதே இங்கிலீஷ் பள்ளியில் என் மகளையும் சேர்க்க வேண்டும் என்று அவரே விண்ணப்பம் வாங்கி, யூனிஃபார்மும் தைத்துக் கொடுத்துவிட்டார். அன்பில் செய்ததுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வாட்டர் பாட்டில் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. விண்ணப்பத்தோடு பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்தவரிடம், "பசங்க கக்கூஸ கொஞ்சம் பாக்கலாமா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட்மிஷனுக்கு வந்தியா, ரிப்பேருக்கு வந்தியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டேன். முன்பக்கம் டைல்ஸ் பதித்துப் பளபளவென்று ஒன்று, பெரியவர்களுக்கு. பின்பக்கம் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு குழாய். திருகிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது.

சரி, நம் ஊர் அரசுப் பள்ளி மட்டும் என்ன வாழ்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஓட்டுக் கட்டடம், இரண்டு அறை, ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். வசதி இல்லாதவர்கள் வேறு வழியில்லாமல் அனுப்பும் இடம் என்றுதான் ஊரில் பேச்சு.

மே மாத வெயிலில், குடையும் நோட்டுமாக அந்தத் தலைமையாசிரியை எங்கள் தெருவுக்கு வந்தார். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர், என் வயதுதான் இருக்கும். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் இரண்டு டீச்சரில் ஒருவரை எடுத்துவிடுவார்கள் என்று வீடு வீடாகச் சொல்லிப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்து, சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. என் மனைவி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர், "வேணாம்மா" என்றார். இன்னொரு தடவை நீட்டினாள். "இல்லம்மா, வேணாம்."

அப்படி ஒரு வெயிலில், அப்படி ஒரு தாகத்தில், எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒருவர் வேண்டாம் என்றால் எங்களுக்கு அது ஒரே ஒரு அர்த்தம்தான் தரும். எத்தனையோ வீட்டு வாசலில் எங்களுக்குத் தனி டம்ளர் வைத்தவர்களைப் பார்த்தவள் என் மனைவி. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் டீச்சர், எங்க வூட்டு டம்ளரு புடிக்கலியா?" என்று நேராகவே கேட்டாள். "டம்ளர் புடிக்காது, புள்ள மட்டும் புடிக்குதா?"

தலைமையாசிரியை பதறிப்போனார். குடையைக் கீழே வைத்தார். நான் இருப்பதைப் பார்த்துத் தயங்கி, பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அய்யோ, அப்படி இல்லம்மா. குடிச்சா நான் எங்க போவேன்? ஸ்கூல்ல பாத்ரூம் பூட்டிக் கிடக்கு. காலையில வீட்டுல ஒரு வாய் காபி. அப்புறம் திரும்பச் செங்கல்பட்டு போய்த்தான் தண்ணி. ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கேன்."

மனைவி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். மச்சான் மகளின் வயதும் இந்த அம்மாவின் வயதும் வேறு. ஆனால் இரண்டு பேரும் பயந்தது ஒன்றுக்குத்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால், எதிரில் இருந்தவர் மேலேயே காட்டினேன்.

"உங்க புள்ள எங்க டீச்சர் படிக்குது?"

"செங்கல்பட்டுல ஒரு இங்கிலீஷ் ஸ்கூல். யூகேஜி முடிச்சிருக்கான்."

"உங்க புள்ளைக்கு ஆவாத எடம் எங்க புள்ளைக்கு மட்டும் எப்டி ஆவும்? உங்க புள்ளைய இங்க கூட்டாந்து உக்கார வைங்க, எம் பொண்ண நான் சேக்கறேன். கக்கூஸுக்குத் தண்ணியும் நானே கொண்டாறேன். இன்னா சொல்றீங்க?"

உண்மையைச் சொல்கிறேன், அவரை மடக்கத்தான் அப்படிக் கேட்டேன். வாயடைத்துப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் நோட்டை மூடி, குடையை எடுத்துக்கொண்டார். "வீட்டுல கேட்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மகளை அந்த இங்கிலீஷ் பள்ளியிலேயே சேர்த்தும் விட்டேன்; ஊர்ப் பள்ளியின் குழாய் வேலையைத் தொடவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை. என் மகள் மச்சான் தைத்துக் கொடுத்த யூனிஃபார்மில், கழுத்தில் டை கட்டி, வேனுக்குக் காத்திருந்தாள். மச்சானும் வண்டியை நிறுத்திவிட்டு வழியனுப்ப வந்திருந்தார். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்த எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "டீச்சரு புள்ளையோட வந்துகீறாங்கப்பா. பையன் பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டான் போல, மூஞ்சி கழுவி உட்டுகினு கீறாங்க."

வேன் ஹார்ன் சத்தம் தெருமுனையில் கேட்டது. என்னைப் பார்த்தாள் மனைவி. நான் தரையைப் பார்த்தேன். அவளோ மகளின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, டையை அவிழ்த்தாள்.

"இன்னா பண்ற நீ?" என்று மச்சான் கத்தினார்.

"அண்ணா, அந்தம்மா வூட்ல எத்தினி பேரு இன்னா இன்னா பேசி இருப்பாங்க? எல்லாத்தையும் கேட்டுகினு புள்ளைய இட்டுகினு வந்துச்சு. இவரு சொன்ன சொல்லுக்காவ. இப்ப இவரு வேனுல ஏத்தி அனுப்பிட்டா, நாளைக்கு அதும் மூஞ்சில நான் எப்டி முழிக்கறது?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, ஒரு கக்கூஸுக்காவ புள்ள வாழ்க்கைய பாழாக்கிறியா? நாளைக்கு நாலு பேரு முன்னால இங்கிலீஷ்ல ஒரு வார்த்த பேச வருமா அதுக்கு?"

"வராட்டி போவுது மச்சான்" என்றேன். "நாலு மணி வரிக்கும் அடக்கிகினு உக்காந்துகினு இருக்கறத விடவா?"

அவர் மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் நாங்கள் மூவரும் போய் நின்றபோது தலைமையாசிரியை வெற்றிச் சிரிப்பு சிரிக்கவில்லை. தன் மகனை என் மகள் பக்கத்தில் உட்கார வைத்தார். "தண்ணி எப்போங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே வேலையைத் தொடங்கினேன். லாட்ஜ் ஒன்றில் பழைய குழாய்களை மாற்றியபோது மிச்சமிருந்த நல்ல துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தேன். தெருவின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பள்ளிக்குள் குழாய் இழுக்க வேண்டும். கழிப்பறைச் சாவி ஊர்த் தலைவர் வீட்டில் இருந்தது. அதிகாரிகள் பார்வையிட வரும்போது மட்டும் திறப்பார்கள், சுத்தமாக இருக்க வேண்டுமாம். நான் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோது தலைவரின் ஆள் ஒருவர் வந்து, "யாரக் கேட்டு நோண்டுற?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியை வகுப்பிலிருந்து இறங்கி வந்தார். கையில் சாக்பீஸ்.

"இப்ப என் பையனும் இங்கதாங்க படிக்கிறான். அவனுக்கு வயித்தக் கலக்கினா உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டுமா? அட்ரஸ் சொல்லுங்க. அப்படியே ஒண்ணாங்கிளாஸ் மொத்தத்தையும் வரிசையா அனுப்புறேன்."

ஒன்றாம் வகுப்பு மொத்தமும் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மத்தியானமே சாவி வந்துவிட்டது.

குழாயில் தண்ணீர் வந்த அன்று என் மனைவி வீட்டிலிருந்து சொம்பும் டம்ளரும் கொண்டுபோனாள். தலைமையாசிரியை வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டே ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாவதும். கடைசி வாய் கழுத்தெல்லாம் வழிந்தது. எனக்கும் அவருக்கும் இடையில் அதற்கப்புறம் பெரிய பேச்சு எதுவும் இருந்ததில்லை, தேவைப்படவும் இல்லை.

அந்தப் பள்ளியில் எல்லாம் நன்றாக இருந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மழைக்கு ஓடு ஒழுகியது. ஒரு டீச்சர் லீவு போட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இரைந்தது. இங்கிலீஷ் சுமார்தான், ஆறாம் வகுப்புக்குப் போனதும் என் மகள் அதற்காகத் திணறினாள், அழுதாள். ஆனால் நான் கவனித்தவை வேறு. மணி அடிப்பதற்குள் டீச்சரின் செருப்பு வாசலில் இருக்கிறதா? சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடும் முன் டீச்சர் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கிறாரா? புரியாத பிள்ளை கை தூக்கினால் அடி விழுகிறதா, பதில் வருகிறதா? நெரிசலில்லாமல், ரோட்டைக் கடக்காமல் பிள்ளை தானே நடந்து வந்து சேர முடிகிறதா? இதையெல்லாம் ஒரு வாரம் பள்ளி வாசலில் நின்றால் யாரும் தெரிந்துகொள்ளலாம். எட்டாவது படித்தவனுக்கே தெரிந்தது.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். எங்கள் தெருவிலேயே இப்போது காலையில் நாலு வேன் வந்து நிற்கிறது. "அந்த ஸ்கூல்ல படிச்சி இன்னாவா ஆயிட்டா உம் பொண்ணு?" என்கிறார்கள். இன்னும் காலேஜில் படித்துக்கொண்டிருக்கிறாள், என்னவோ ஆவாள். நீங்கள் இருபது வருடம் கழித்து என்ன ஆவீர்கள் என்பதைக் கேட்டே பெரியவர்கள் பள்ளி தேடுகிறோம். இன்றைக்குப் பதினோரு மணிக்கு அந்த வகுப்பில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஐந்து வருடம் என்பதும் வாழ்க்கைதானே. அந்த ஐந்து வருடத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

என் மகளும் தலைமையாசிரியையின் மகனும் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அவருக்குப் படாளம் பக்கம் மாறுதல் வந்தது. போகும்போது சொன்னார்: "நான் போனதும் திரும்பப் பூட்டிடுவாங்க. பார்த்துக்குங்க." அந்த வருடம் என் மகனுக்கும் ஐந்து வயது முடிந்தது. மச்சான் வந்தார். "மாப்ள, அந்தம்மாவே போயிட்டாங்க. இப்பவாவது சின்னவன வேனுல ஏத்து" என்றார். எனக்கும் மனது கொஞ்சம் ஆட்டம் கண்டது, மறைக்கவில்லை.

என் மகனைக் கூட்டிக்கொண்டு, அவனுக்குச் சேர்க்கை கேட்டு அந்த ஜூனில் பள்ளிக்குப் போனேன். புதிய தலைமையாசிரியர் மேசையில் இருந்தார், நல்ல மனிதர்தான். "மொதல்ல கக்கூஸ பாத்துட்டு வரேன் சார்" என்றேன். போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. புதுப் பூட்டு. திரும்பி வந்து கேட்டேன்.

"பசங்க அசுத்தம் பண்றாங்கப்பா. ஆபீசருங்க வந்தா அசிங்கமா இருக்கும். அதான்."

"பசங்களுக்குதானே சார் கட்டுனது?"

"யாருப்பா நீ கேக்கறதுக்கு?"

"அந்தக் கொழாய் போட்டவன் சார். இவன் அப்பன்."

வேலைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். பூட்டைத் தொடவில்லை, அது மாட்டியிருந்த கொண்டியின் திருகாணி நாலையும் கழற்றினேன். "யோவ், யாரக் கேட்டு கழட்டற?" என்று அவர் பின்னாலேயே வந்தார். மூன்றாவது திருகாணியில் துரு பிடித்துக் கொஞ்ச நேரம் ஆனது. நாலாவது கழன்று, கதவு தானாகத் திறந்த நொடியில், வேப்ப மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள். எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாளோ தெரியாது. தலைமையாசிரியரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தலைமையாசிரியர் அந்தக் கதவைப் பார்த்தார்.

பூட்டையும் கொண்டியையும் அவர் மேசைமேல் வைத்துவிட்டு, என் மகனுக்குச் சேர்க்கைப் படிவம் கேட்டேன்.