ரோஸ் மாத்திரைக்காகக் குரல் கொடுத்த எங்க நைனா

இன்னிக்குக் காலையில எங்க ராயபுரம் சுகாதார நிலையத்துல நைனாவுக்கு பிரஷர் பார்த்த நர்ஸு, மெஷின் மேல சந்தேகப்பட்டு இன்னொரு தடவை பார்த்தாங்க.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா ஐயா?"

"போன மாசம் குடுத்ததை அப்படியே வெச்சினுகீறேன். எப்பவும் ரோஸா குடுப்பீங்கோ. இது வெள்ளையா கீது."

எனக்கே அப்பதான் தெரியும்.

மருந்து குடுக்கற மேடம் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாங்க. "கவர்மென்ட் டெண்டர் வுட்டு வாங்குது ஐயா. இந்தத் தடவை வேற கம்பெனிக்குப் போயிருக்கு. கலர்தான் மாறிருக்கு, மருந்து அதேதான்."

நைனா துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பழைய யூனியன் ஆளு. டெண்டர்னு காதுல விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டார்.

"அப்போ ரோஸ் மாத்திரை செஞ்ச தொழிலாளிங்க கதி இன்னா?"

வரிசையே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. போன வருஷம் இதே பிரஷர்லதான் கல்மண்டபம் மார்க்கெட்டுல மயங்கி விழுந்தார்.

மேடமும் சிரிக்கல. "வெள்ளை மாத்திரை செய்யறதும் தொழிலாளிங்கதான் ஐயா. நீங்க போடாம வெச்சா அவங்க உழைப்பு வீணாத்தானே போவுது?"

நைனா என் கையில இருந்த தண்ணி பாட்டிலைப் புடுங்கி, மேடம் குடுத்த வெள்ளை மாத்திரையில ஒண்ணை அங்கயே முழுங்கினார். எனக்கு அப்பதான் மூச்சு வந்துது.

ஷேர் ஆட்டோவுல ஏறினதும் மெதுவா கேட்டார்: "ஏம்மா, அந்த வெள்ளைக் கம்பெனில யூனியன் கீதா?"

விஷயம் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாரும் கமெண்ட்ல "கீது"ன்னு மட்டும் போடுங்க. நாளைக்கும் அவர் மாத்திரை போட்டாகணும்.