மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு மனு

உலகம் முழுக்க ஒரு விளையாட்டு நடக்கிறது. யாராவது ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். ஜியோகேச்சிங் என்று பெயர். பரிசு எதுவும் கிடையாது. விழுப்புரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு இது தேவையா என்று என் வீட்டில் கேட்காத ஆள் இல்லை.

கேட்கட்டும். நான் பெட்டி வைத்தது திண்டிவனம் கடைத்தெருவில், வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம் ஒன்றில். அதிலிருந்த அரசு அலுவலகம் வேறு இடத்துக்குப் போய்ப் பல வருஷமாகிறது. காவலுக்கு இருந்தவரிடம் சொல்லிவிட்டு, பக்கச் சுவரில் மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் ஒரு பெருங்காய டப்பாவைச் செருகி வைத்தேன்.

நாலு மாசம் ஈ, காக்கை கூட வரவில்லை. லீவு நாளில் பஸ் பிடித்துப் போய்த் திறந்து பார்ப்பேன். வெற்று நோட்டு. டவுனில் இத்தனை ஜனம் போகிறது, ஒருத்தருக்காவது இந்தக் கட்டடத்தை நின்று பார்க்கத் தோன்றுகிறதா என்று திட்டிக்கொண்டே திரும்புவேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தபோது நோட்டில் இரண்டு கையெழுத்து. சென்னைப் பையன்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டுக்கு அடியில் எட்டாக மடித்த காகிதம் வேறு. விலாவாரியாகப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் போல என்று பிரித்தேன்.

'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்தது. கூட்டேரிப்பட்டு ரோட்டோரம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் ஒரு அம்மாவின் மனு. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் பட்டதாரி சான்றிதழைக் குறிப்பிட்ட தேதிக்குள் கொடுத்தால்தான் பீஸ் சலுகை; அந்தத் தேதி, நான் படித்த அன்றைக்கு ஐந்தே நாளில் வரும் வெள்ளி. இல்லையென்றால் படிப்பு இல்லை, கம்பெனி வேலைக்குத்தான் அனுப்பணும். மகளே எழுதியிருக்க வேண்டும், குண்டு குண்டான கையெழுத்து. எழுதி ஒன்பது நாளாகியிருந்தது.

முதலில் சிரித்தேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மனுவிலிருந்த நம்பர் சுவிட்ச் ஆப் என்றது. திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கி விசாரித்தேன். மல்லாட்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா, என் கையில் காகிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஆபீஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று யாரோ சொல்லி அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறாள். கதவு பூட்டியிருந்தது. பேண்ட் சட்டை போட்ட இரண்டு பிள்ளைகள் டப்பாவைத் திறந்து எழுதிப் போடுவதைப் பார்த்து, மனுப் பெட்டி இதுதான் என்று தானும் போட்டிருக்கிறாள். போட்டாயிற்றே என்று வேறெங்கும் போகவில்லை. மகளிடம் ஆபீசில் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"பொண்ணுக்குக் கெடச்சிடுமா மேடம்?" என்றாள்.

அது வெறும் விளையாட்டு டப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை ஆபீஸ்காரி என்று நினைத்தாள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் லீவு போட்டு, தாயையும் மகளையும் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். சர்வர் வேலை செய்யவில்லை. மதியம்தான் விண்ணப்பம் போனது. கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கடைசித் தேதியைச் சொன்னோம். அவர் அன்றைக்கே பார்த்து மேலே அனுப்பினார். அப்புறம் மூன்று நாள் காத்திருப்பு. கடைக்கு வந்தவர்களுக்குக் கண் பரிசோதித்தபடியே மகளிடமிருந்து போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவருக்கு ஒரே லென்சை இரண்டு தடவை போட்டுக் காட்டி, எது தெளிவு என்று கேட்டேன். அவர் இரண்டாவது என்றார்.

வியாழன் சாயங்காலம் சான்றிதழ் வந்துவிட்டது. நானும் போனேன். பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்ததும் அந்தப் பெண் தன் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தது. நகல் எடுக்க அது பக்கத்துக் கடைக்குப் போன நேரத்தில், அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் எந்த ஆபீசிலும் இல்லை, அது ஒரு விளையாட்டு, என் டப்பாவால் உங்களுக்கு ஒன்பது நாள் போயிற்று, மன்னித்துவிடுங்கள், நாளைக்கே அதை எடுத்துவிடுகிறேன் என்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவள் மகள் போன திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எதுக்கு எடுக்கிறீங்க? எத்தினியோ எடத்துல எழுதிக் குடுத்துக்கினு இருந்தேன் மேடம். போட்ட காயிதத்தக் கையில எடுத்துக்கினு ஒரு ஆளு என்னத் தேடி வந்தது இதான் மொதல் தபா."